ஏரி பதினேழில் புதைத்த குழாய்

“முடியாது” என்று நிலையத் தலைவர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, டாக்டர் உலகம்மாள் பனிக்காலணியின் வார்களை இழுத்துக் கட்டி முடித்திருந்தார்.

தலைவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு நாளில் கப்பல் கிளம்புகிறது. அதை விட்டால் அண்டார்டிகாவிலிருந்து ஊர் திரும்ப இன்னும் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். உலகம்மாள் போக நினைக்கும் ‘ஏரி பதினேழு’ இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, வெடிப்புகள் நிறைந்த பனிக்கு அப்பால் இருக்கிறது. வானிலை அறிக்கையோ நாலு நாளுக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. இத்தனையையும் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். உலகம்மாள் எழுந்து நின்று, “நாலு நாள் போதும். நான் வண்டிகிட்ட நிக்கேன்” என்றார்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. சொந்த ஊர் தென்காசி. முப்பது ஆண்டுகளாகத் துருவங்களின் பழைய பருவநிலையை ஆராய்கிறவர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பனிக்கண்டம் எப்போது இளகியது, எப்போது இறுகியது என்பதை ஏரிகளின் அடிமண்ணை வைத்துச் சொல்வது அவர் தொழில். ஒரே இடத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொன்னால் அது அவருக்குத் தண்டனை. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கடந்த மூன்று வாரமாக அந்த ஆட்டம் இன்னும் அதிகமாகியிருந்தது. அதற்குக் காரணம் ஸுலைகா.

ஸுலைகா காயல்பட்டினத்துப் பெண். வயது இருபத்தொன்பது. உலகம்மாளிடம் படித்து, இப்போது அவருடனேயே பயணத்துக்கு வந்திருந்தாள். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவள். மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். பழைய ஆய்வில் மண்ணுக்குக் கிடைத்த அந்த இரண்டு தேதிகளை ஏன் ஒதுக்கினீர்கள் என்பதுதான் அவள் கேள்வி.

கதை பதினோரு ஆண்டு பழையது. அப்போது ஏரி பதினேழின் அடியில் துளை போட்டு, மூன்று நீண்ட குழாய்களில் மண் எடுத்தார் உலகம்மாள். ஏரி உறைந்து மூடிக்கிடந்த காலத்தில் படிந்த மண் சாம்பல் நிறம். ஏரி திறந்து வெயில் பட்ட காலத்தில் வளர்ந்த பாசி பழுப்புப் பட்டையாகப் படிந்திருந்தது. இரண்டாவது குழாயில் அப்படி ஒரு பாசிப் பட்டை. அதன் கீழ் ஓரம் சாம்பலோடு மெல்ல மெல்லக் கலந்து கிடந்தது. மேல் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல நின்றது. அதைப் படித்துத்தான் உலகம்மாள் தன் முடிவைச் சொன்னார். துருவம் சூடாவதற்கு ஆயிரம் ஆண்டு பிடித்தது. அதாவது பனி மெதுவாகத்தான் இளகும். அந்த ஒரு முடிவு அவருக்கு ஆய்வகத்தையும், விருதுகளையும், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியையும் வாங்கிக்கொடுத்தது.

மண்ணில் உள்ள கரிமத்தை வைத்து மூன்று குழாய்களிலும் ஆறு இடங்களில் வயது பார்த்திருந்தார்கள். முதல் குழாயிலும் மூன்றாவதிலும் எடுத்த நாலும் ஒழுங்காக வரிசையில் வந்தன. இரண்டாவதில் எடுத்த இரண்டும் முரண்டு பிடித்தன. மேலே இருந்த மண், கீழே இருந்ததைவிட வயதில் மூத்ததாகக் காட்டியது. துருவ ஏரிகளில் பழைய கரிமம் கலந்து இப்படிக் கணக்கைக் கெடுப்பது சகஜம். அதனால் உலகம்மாள் அந்த இரண்டையும் அடிக்குறிப்பில் போட்டு, ‘கலப்படம்’ என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிட்டார். ஸுலைகா கேட்டது அதைத்தான். குழாய் தலைகீழாக இருந்திருந்தால் அந்த இரண்டு தேதிகளும் சரியாக வருமே என்றாள்.

நாலு நாள் உலகம்மாள் அவளோடு பேசவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஐந்தாம் நாள் காலையில் பழைய களக்குறிப்பேட்டை எடுத்துப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் குழாயையும் மூன்றாவதையும் பற்றிய குறிப்பு அவர் கையெழுத்தில் இருந்தது. இரண்டாவது மட்டும் செல்லக்கண்ணுவின் கையெழுத்து. அந்தக் குழாயை எடுத்த நேரம் காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். குழாய்க்கு மூடி போட்டு, பக்கம் காட்டும் அம்புக்குறி எழுதியவர் செல்லக்கண்ணு.

செல்லக்கண்ணு விருத்தாசலத்துப் பக்கம். துருவத்துக்கு வருமுன் இருபது ஆண்டு நிலக்கரிக்காகத் துளை போட்டவர். இப்போதும் இந்த நிலையத்தில் துளை போடுவதும் பனிவண்டி ஓட்டுவதும் அவர்தான். அறுபத்தொரு வயதிலும் அவர் கை நடுங்கிப் பார்த்தவர் இல்லை. உலகம்மாள் போய்க் கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னார்.

“அம்பு எப்பவும் துளை போற பக்கந்தானே மேடம் போடுவோம்? கீழ பாத்து.”

உலகம்மாளின் ஆட்கள் எப்போதும் அம்பை மேல்நோக்கிப் போடுவார்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். செல்லக்கண்ணுவுக்கு நினைவில்லை. மேடம் சொன்ன மாதிரி போட்டிருக்கலாம், பழக்கத்தில் கை போன போக்கில் போட்டிருக்கலாம் என்றார். அந்தக் குழாயைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் அதில் மண்ணே மிச்சமில்லை. துண்டு துண்டாக வெட்டிச் சோதனைக்கே தீர்த்தாயிற்று.

ஆனால் அதற்கு ஓர் இரட்டை இருந்தது! அதே இடத்தில் இரண்டடி தள்ளி, அதே ஆழத்தில் எடுத்த இன்னொரு குழாய். ஹெலிகாப்டரில் எடை கூடிவிட்டதால் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். மண் நழுவாமல் பிடிக்கிற பல்லு வளையம் ஒன்று குழாயின் கீழ்முனையில் இருக்கும். மற்றக் குழாய்களில் அதைக் கழற்றி அடுத்ததற்கு மாட்டினார்கள். கடைசிக் குழாயில் கழற்ற நேரமில்லை. ஆகவே அம்பே வேண்டாம். வளையம் இருக்கும் பக்கம்தான் கீழ். குறிப்பேட்டில் வழியும் வரைந்திருந்தது. அடுப்புக்கல் மாதிரி மூன்று பாறைகள்; அவற்றின் காலடியில் ஒரு பெருக்கல் குறி.

ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கையில், தன் வாழ்நாள் வேலை நேராக நிற்கிறதா தலைகீழாக நிற்கிறதா என்று தெரியாமல் கப்பல் ஏற உலகம்மாள் தயாரில்லை.

ஒரு மணி நேரத்தில் தலைவர் இறங்கிவந்தார். நாலே நாள், வழியில் டோர்ஜே வைத்ததுதான் சட்டம் என்று நிபந்தனை போட்டார். டோர்ஜே லடாக்கைச் சேர்ந்த மலை வழிகாட்டி. வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். உலகம்மாள் நிபந்தனைக்கு உடனே சம்மதித்தார். இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறாரே என்று தலைவர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செல்லக்கண்ணு ஓட்ட, உலகம்மாளும் ஸுலைகாவும் டோர்ஜேவும் ஏறிக்கொள்ள, பனிவண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் இரண்டு சறுக்குவண்டிகள். முன்னதில் கருவிகளும் கொஞ்சம் சாப்பாடும். பின்னதில் எரிபொருள் பீப்பாய்கள், கூடாரம், மீதிச் சாப்பாடு. முதல் நாள் அறுபத்தைந்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடியது. இரண்டாம் நாள் வெடிப்புப் பகுதி வந்தது. பனியில் ஆள் உயரத்துக்கும், பனைமர உயரத்துக்கும் பிளவுகள். மேலே மெல்லிய பனி மூடி ஒன்றும் தெரியாதபடி வெள்ளையாகச் சிரிக்கும். டோர்ஜே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் நீண்ட கம்பியைக் குத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால்தான் கை காட்டுவார். வண்டி ஊர்ந்தது. உலகம்மாள் உள்ளே உட்கார முடியாமல் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். மணி பார்த்துப் பார்த்தே ஸுலைகாவைப் பைத்தியமாக்கினார்.

எட்டு மணி நேரம் நடந்தபின் டோர்ஜே, முன்னால் தெரியும் சமவெளியைக் குறுக்கே கடக்கக்கூடாது, வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின் இருக்கையில் சாய்ந்தார். சுற்றுவழி ஆறு கிலோமீட்டர். குறுக்கே போனால் ஒன்றரை. பார்வைக்கு அந்தச் சமவெளி இஸ்திரி போட்ட வேட்டிபோலக் கிடந்தது.

“அவரு தூங்கட்டும். நீங்க நேரே விடுங்க அண்ணாச்சி” என்றார் உலகம்மாள்.

ஸுலைகா, வேணாம் மேடம் என்றாள். செல்லக்கண்ணு திரும்பி மேடத்தின் முகத்தைப் பார்த்தார்; முப்பது ஆண்டு அதிகாரம் அதில் இருந்தது. வண்டியை நேரே விட்டார்.

முக்கால் தூரம் போயிருப்பார்கள். வண்டி அகலமானது, நீண்ட பட்டைகளில் ஓடுவது. அது தப்பித்துக் கடந்துவிட்டது. முதல் சறுக்குவண்டியும் கடந்தது. இரண்டாவது வரும்போது பனி மூடி ‘தொப்’பென்று உள்ளே போயிற்று! கயிறு விறைத்தது. வண்டியின் மூக்கு மேலே எழும்ப, மொத்தமும் பின்னுக்கு இழுபட ஆரம்பித்தது. செல்லக்கண்ணு முழு வேகமும் கொடுத்துப் பார்த்தார். பட்டைகள் பனியைச் சீவினவே ஒழிய முன்னேறவில்லை. டோர்ஜே எப்போது விழித்தார், எப்போது பின்கதவைத் திறந்து குதித்தார் என்று யாருக்கும் தெரியாது. பனியில் வயிற்றால் ஊர்ந்து போய், இரண்டு சறுக்குவண்டிக்கும் நடுவே இருந்த கொக்கியைச் சுத்தியலால் மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் கொக்கி விட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. பீப்பாய்கள் பிளவுக்குள் மோதி மோதி விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

டோர்ஜே திட்டவில்லை. பனியைத் தட்டிவிட்டு வந்து, அடுப்பை மூட்டி, நாலு பேருக்கும் டீ போட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது உலகம்மாளுக்கு. டீ குடித்து முடித்ததும் டோர்ஜே நிலைமையைச் சொன்னார். தொட்டியில் இருக்கும் எரிபொருள் இயந்திரத்தை அணையாமல் வைத்திருக்கவும் இங்கிருந்து நிலையத்துக்குத் திரும்பவும் மட்டுமே காணும். ஏரி இன்னும் பதினொரு கிலோமீட்டர். நிலையத்திலிருந்து போனில் வந்த புதுத் தகவல்படி, புயல் முந்திக்கொண்டு நாளை மாலைக்குள் வந்துவிடும். திரும்புவதென்றால் இப்போதே திரும்பலாம். போவதென்றால் நடக்க வேண்டும், இருபது மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிடம் உலகம்மாளுக்குத் திரும்பிவிடத் தோன்றியது. சறுக்குவண்டி விழுந்துவிட்டது, எரிபொருள் இல்லை, புயல் வேறு. இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். அவருடைய ஆயிரம் ஆண்டு இன்னும் பல காலம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். இப்படியெல்லாம் நினைத்துவிட்டோமே என்று தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. எழுந்து போய் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

இயந்திரத்தை அணைத்தால் குளிரில் மறுபடி கிளம்பாது என்பதால் செல்லக்கண்ணு வண்டியோடு இருந்துகொண்டார். அவரிடம் ஒரு சாட்டிலைட் போன், நடப்பவர்களிடம் ஒன்று. டோர்ஜே முன்னால், உலகம்மாள் நடுவில், ஸுலைகா பின்னால். சூரியன் மறையாத பருவம், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நீலப் பனியில் காலணியின் முள் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு முறை டோர்ஜே கம்பி உள்ளே வழுக்கிப் போக, மூவரும் சிலையாக நின்று பின்வாங்கினார்கள். இப்போது உலகம்மாள் ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை. ஆறு மணி நேரம் நடந்து, பனி முடிந்து கருங்கல் மேடு தொடங்கும் இடத்தில் ஏறியபோது ஏரி தெரிந்தது.

உலகம்மாள் ஓடினார். ஓடியவர் சட்டென்று நின்றார்.

மூன்று பாறைகளும் இருந்தன. ஆனால் அவை கரையில் இல்லை. ஏரிக்குள், கண்ணாடிபோன்ற மெல்லிய பனிக்கட்டிக்கு நடுவே மண்டையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. பதினோரு ஆண்டில் ஏரி ஏறி வந்து அவற்றை விழுங்கியிருந்தது. குறிப்பேட்டில் பாறையின் உயரம் இருந்ததால் ஸுலைகா கணக்குப் போட்டாள். ஆளுயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது.

உலகம்மாள் பனிக்கட்டியை மிதித்து உடைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வரை போய்விட்டார். டோர்ஜே கயிற்றால் அவரை இழுத்துக் கரையில் போட்டு, காலணியைக் கழற்றி, அவர் பாதங்களைத் தன் அங்கிக்குள் வைத்துச் சூடேற்றினார். உலகம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து ஸுலைகா பார்த்ததே இல்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது. போனை எடுத்துச் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு, பாறையெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது, குழாயும் போய்விட்டது என்றாள்.

எதிர்முனையில் செல்லக்கண்ணு தயங்கித் தயங்கிப் பேசினார்.

“மேடத்துகிட்ட சொல்லாதம்மா. அவங்க கல்லடியிலதான் வைக்கச் சொன்னாங்க. நான் அங்க வைக்கல.”

“அப்ப எங்க வச்சீங்க?”

“எங்க வேலையில பள்ளத்துல பெட்டி வைக்கவே மாட்டோம், தண்ணி வந்து நிக்கும்னு. நடுக்கல்லுக்கு நேரா மேட்டுல ஏறு. முப்பது காலடி எடுத்து வை. ஒரு தட்டக்கல்லு கெடக்கும். அவங்க ஹெலிகாப்டர்ல ஏறிட்டாங்க, அப்புறம் சொல்ல உட்டுப்போச்சு. அம்பு விசயம் வந்தப்புறம் இதையும் சொல்லப் பயந்துட்டேன்.”

உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஈரக் காலுறையோடு எழுந்து மேட்டில் ஏறத் தொடங்கினார். டோர்ஜே காலணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. முப்பதாவது காலடியில் தட்டைக்கல் கிடந்தது! மூவரும் சேர்ந்து புரட்டினார்கள். உள்ளே நீலத் தார்ப்பாய்ச் சுருள். கயிறு இறுகிப்போயிருந்தது, டோர்ஜே கத்தி கொடுத்தார். தார்ப்பாய்க்குள் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாய், உறைந்த மண்ணோடு, கீறல் இல்லாமல் இருந்தது.

உலகம்மாள் கையுறையைக் கழற்றினார். இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்தார். ஒரு முனை வழவழப்பு. மறுமுனையில் பற்கள் விரலில் குத்தின. பல்லு வளையத்தைக் கீழே வைத்துக் குழாயை நேராக நிறுத்தினார். சாம்பல் மண், பழுப்புப் பட்டை, மறுபடி சாம்பல். பட்டையின் மேல் ஓரம் புகைமாதிரி மெல்லக் கலைந்து போயிருந்தது. கீழ் ஓரம் கத்தி வெட்டு.

அதாவது ஏரி மெதுவாகத் திறக்கவில்லை. ஒரே வீச்சில் திறந்திருக்கிறது. மெதுவாக நடந்தது மூடியதுதான்.

ஸுலைகா பார்த்துவிட்டாள். பார்த்தும் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஊருக்குப் போய் வயது பார்த்தபிறகு முடிவு செய்யலாம் மேடம், இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்று முணுமுணுத்தாள். தான் சரி என்று தெரிந்த நேரத்தில் அழுகை வரும் என்று அவள் நினைத்ததில்லை.

“எதுக்குளா இன்னும் வயசு பாக்கணும்? கண்ணு இருக்குல்லா?” என்றார் உலகம்மாள். “பதினோரு வருசமாத் தலகீழாப் படிச்சிருக்கேன். நீ சொன்னதுதான் சரி.”

பெயர், புகழ், பாடப்புத்தகப் பத்தி எல்லாம் அந்தக் கருங்கல் மேட்டில் ஒரு நொடியில் போய்விட்டது. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மூன்று வாரமாக நெஞ்சுக்குள் பிறாண்டிக்கொண்டிருந்த ஒன்று அத்தோடு நின்றதும் நிஜம்.

குழாயைத் தூங்கும் பையில் சுற்றி டோர்ஜே முதுகில் கட்டினார்கள். திரும்பும்போது பாதி வழியிலேயே காற்று பிடித்துக்கொண்டது. வெள்ளைத் தூள் பறந்து, முன்னால் போகிறவரின் முதுகுகூட மறைந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் இழுத்தால் மற்றவர் நின்று, ஒருவர் விழுந்தால் மற்ற இருவரும் பனிக்கோடரியை ஊன்றிப் படுத்து நகர்ந்தார்கள். செல்லக்கண்ணு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியின் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட பதினெட்டாவது மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். புயல் ஓயும் வரை வண்டிக்குள் முடங்கிக்கிடந்தார்கள். பிறகு டோர்ஜே காட்டிய சுற்றுவழியில், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், ஆறு கிலோமீட்டர் சுற்றி ஓட்டி நிலையத்தை அடைந்தார்கள். கப்பல் கிளம்ப இருபது மணி நேரம் மிச்சமிருந்தது.

நிலையத்தில் எல்லோரும் கைதட்டி, குழாயைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டார்கள். செல்லக்கண்ணு மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. மேடத்தோட வாழ்க்கையையே என் கை கெடுத்துவிட்டது என்று வழியில் ஸுலைகாவிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

உலகம்மாள் நேராகக் கணினிக்குப் போய், ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். மொத்தம் நாலு வரி. பிறகு அதன் நகலோடு பட்டறைக்குப் போனார். செல்லக்கண்ணு துளைக்கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் கடிதத்தைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டுச் செல்லக்கண்ணு நிமிர்ந்தார்.

“அம்பு போட்டது நாந்தாங்கன்னு இதுல இல்லீங்களே மேடம்.”

“அம்பு நீங்க போட்டீங்க, அது பழக்கம். எல்லாக் கைக்கும் ஒரு பழக்கம் இருக்கும்” என்றார் உலகம்மாள். “ஆனா அந்த ரெண்டு தேதியும் வாயத் தொறந்து எங்கிட்ட உண்மையச் சொல்லிச்சு அண்ணாச்சி. எனக்குப் பிடிக்கலன்னு தூக்கிப் போட்டது நானு. தப்பு அதுதான். அததான் எழுதியிருக்கேன்.”

செல்லக்கண்ணு துணியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயை அன்றைக்கு மேட்டில் வைத்ததைச் சொல்லாமல் விட்டதும் தப்புதான் என்றார். அதற்காக உங்கள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் என்றார் உலகம்மாள்.

கப்பல் கிளம்பிய இரண்டாம் நாளும் உலகம்மாள் மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஸுலைகா போய், எல்லாம்தான் முடிந்துவிட்டதே, இனியாவது கொஞ்சம் நிம்மதியாகப் படுங்கள் என்றாள்.

“எது முடிஞ்சிது? மெதுவாத்தான் உருகும்னு ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். பதினோரு வருசத்துல அந்த ஏரி ஆளுயரம் ஏறியிருக்கு, கண்ணால பாத்தோம்லா. எப்படிளா தூக்கம் வரும்?”

இருவரும் கீழே போய் மேசையில் காகிதத்தை விரித்து, அடுத்த பயணத்துக்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்றவர் பயணத்துக்குத் தலைமை தாங்க முடியாது. அதனால் முதல் வரியில் ஸுலைகாவின் பெயரை எழுதிவிட்டு, உதவியாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார் உலகம்மாள்.